பத்து அம்பியர் பியூஸ்

06.06.2023, செவ்வாய்

இன்றைக்கும் அந்த மணம். சந்தி தாண்டி மாதகல் பக்கம் திரும்பும்போது, ஸ்கூட்டரின் ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்து பிளாஸ்ரிக் கருகுகிற மணம். நிறுத்தி மூக்கை வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. கைப்பிடிக்குக் கீழே தொட்டால் மட்டும் சூடு. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். வெயில் ஒரு பக்கத்தில் மட்டுமா சுடும்?

பதினொரு வருடமாக இந்தப் பகுதிக்கு நான்தான் குடும்பநல மாது. எந்த வயிற்றைத் தொட்டாலும் பிள்ளையின் தலை எங்கே, கால் எங்கே என்று சொல்லுவேன். இந்த மெசினின் வயிறுதான் பிடிபடவில்லை.

ஐந்து வீடு. கடைசி வீடு பக்கத்து வீட்டுத் தர்சிகா. 26 கிழமை. ஆறு வருடம் காத்திருந்து தங்கின பிள்ளை. பிரஷர் 110/70, கால் வீக்கம் இல்லை. அவளுடைய மனுசன் கோகுலன் நான் வெளிக்கிடுமட்டும் "எல்லாம் சரியோ மிஸ்?" என்று நாலு தரம் கேட்டுவிட்டான். "நீர் கொஞ்சம் பேசாமல் இருந்தா எல்லாம் சரி" என்றேன். தர்சிகா சிரித்துவிட்டு, பிரான்சிலிருந்து அண்ணை அனுப்பின சொக்லேட் ஒரு பெட்டி தந்தாள். ஒவ்வொன்றும் தங்க நிறத் தாளில் சுற்றினது. வேண்டாம் என்று சொல்ல மனமில்லை.

வீட்டில் சொல்லவில்லை. என் மனுசன் லெனாட்டுக்குக் கோகுலனைக் கண்ணில் காட்டக்கூடாது. அவனுடைய லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் எங்கள் மதில் மூலையை இரண்டு தரம் இடித்துவிட்டது. கணக்கு வாத்தியாரைக் கட்டினால் இப்படித்தான், இரண்டு தரம் என்றால் இரண்டு தரம்தான், ஆயுளுக்கும்.

08.06.2023, வியாழன்

எமில்ராஜின் கராஜுக்குப் போனேன். முன்மூடியைக் கழற்றிக் காட்டினான். வயர்க்கட்டு கைப்பிடி திரும்புகிற இடத்தில் இரும்போடு உரசி உரசித் தோல் போய்க் கிடக்கிறது. உள்ளே செம்பு பளபளக்கிறது. சாவியை எடுத்தாலும் அந்த வயரில் கரண்ட் நிற்குமாம். அதே வயரிலிருந்துதான் என்னுடைய போன் சார்ஜருக்கும் யாரோ இழுத்துவிட்டிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான் போன வருடம் வழியில் ஒரு கடையில் பூட்டுவித்தேன்.

"முழு வயர்க்கட்டும் மாத்தினா நல்லம் மிஸ். ஆனா சாமான் கொழும்பிலையும் இல்லை, இறக்குமதி நிப்பாட்டிக் கிடக்கு. பழுதான துண்டை வெட்டி எடுத்திட்டுப் புது வயர் வைச்சு ஈயத்தாலை ஒட்டித் தரலாம். விட்டிட்டுப் போங்கோ."

நாளைக்குக் கிளினிக். நாளையின்றைக்குத் தடுப்பூசி. ஸ்கூட்டரை விட்டுவிட்டு நான் என்ன, பறந்தா போகிறது? இப்போதைக்குக் கறுப்பு ரேப் சுற்றித் தரச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சுற்றித் தந்தான்.

14.06.2023, புதன்

பதினொரு மணி வெயிலில் நடுத்தெருவில் ஸ்கூட்டர் செத்துப்போனது. லைட் இல்லை, ஹோன் இல்லை, ஒன்றுமில்லை. செங்கல் ஏற்றிக்கொண்டு போன ஒருவர் இறங்கி வந்து சீற்றைத் தூக்கினார். பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் நகமளவில் சிவப்பாய் ஒரு சாமான், மேலே 10 என்று போட்டிருக்கிறது. பியூஸ் எரிந்துவிட்டதாம்.

"சிகரட் பெட்டி வைச்சிருக்கிறியளே அக்கா? உள்ளுக்கு இருக்கிற சில்வர் பேப்பர் காணும்."

என்னைப் பார்த்தால் சிகரட் பிடிக்கிற ஆளாகவா தெரிகிறது! கைப்பையில் தர்சிகாவின் சொக்லேட் இருந்தது. ஒன்றை அவருக்குத் தின்னக் கொடுத்து, தாளை எடுத்தேன். எரிந்த பியூஸின் கால்களில் சுற்றித் திரும்பச் செருகினார். ஸ்ராட் ஆகிவிட்டது. "வீட்டை போனவுடனை மாத்திப்போடுங்கோ, உது அவசரத்துக்குத்தான்" என்றார். ஓம் என்றேன்.

19.06.2023, திங்கள்

இரண்டு புதுப் பியூஸ் வாங்கினேன். ஒன்று சனிக்கிழமையே எரிந்தது. மற்றது இன்றைக்குக் காலை, கிளினிக்குக்குப் போகிற வழியில். திரும்பவும் சொக்லேட் தாள். அது எரியவே இல்லை. நல்ல கெட்டிக்காரத் தாள்.

27.06.2023, செவ்வாய்

பிறேக் பார்க்க எமில்ராஜிடம் விட்டேன். சீற்றைத் தூக்கிவிட்டான். தாளைக் கண்டதும் அவனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"பியூஸ் எரியுது எண்டா அது தன்ரை வேலையைச் செய்யுது மிஸ். உதை வைச்சா வயர்தான் எரியும். பிரஷர் கூடக் காட்டுது எண்டதுக்காக நீங்கள் பிரஷர் மெசினை உடைப்பியளே?"

தாளைக் கசக்கி எறிந்துவிட்டுப் புதுப் பியூஸ் போட்டான். ஒரு நாள் விட்டால் போதும், முழுக்கச் செய்து தருகிறேன் என்றான். அடுத்த கிழமை என்றேன்.

29.06.2023, வியாழன்

பியூஸ் எரிந்தது. தாள் வைத்தேன். எமிலுக்குச் சொல்லவில்லை.

02.07.2023, ஞாயிறு

லான்ட்மாஸ்ரர் மூன்றாம் தரமும் மதிலை இடித்துவிட்டது. சேர்ச் முடிந்து வருகிறோம், மதில் மூலை ஒழுங்கைக்குள் சரிந்து கிடக்கிறது. லெனாட் பொலிசுக்குப் போகிறேன் என்று கத்த, கோகுலனும் கத்த, ஒழுங்கைச் சனம் முழுக்க வேடிக்கை.

"போங்கோ வாத்தியார், போய்ச் சொல்லுங்கோ. நான் உள்ளுக்குப் போனா வந்து வீட்டோடை சேத்துக் கொளுத்துவன்!"

கோபத்தில் வருகிற கதைதான். இதே வாயால்தான் என்னிடம் நாலு தரம் எல்லாம் சரியோ என்று கேட்டவன். தர்சிகா வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வயிற்றோடு அப்படி இழுக்கக்கூடாது.

10.07.2023, திங்கள்

ஒழுங்காய் எழுதுகிறேன்.

நேற்று சேர்ச்சால் வந்து ஸ்கூட்டரை வழக்கம்போல முன்விறாந்தைக்குள் ஏற்றினேன். இங்கே ஒருவரும் வாகனத்தை வெளியில் விடுவதில்லை. வாளோடு வருகிற கூட்டம் கொளுத்திவிட்டுப் போய்விடும் என்ற பயம். சாப்பிட்டுவிட்டுச் சரிந்தோம். இரண்டரை இருக்கும், மகள் ஷெரோன் "அம்மா புகை, அம்மா புகை" என்று கத்தினாள்.

ஸ்கூட்டரின் முன்பக்கம் எரிந்துகொண்டிருந்தது. திரைச்சீலை பிடித்து, கூரைக்கும் பிடித்துவிட்டது. பெற்றோல் தாங்கி வெடித்தால் உள்ளே பிள்ளை. லெனாட் ஓடிப்போய் அந்த எரிகிற கைப்பிடியைப் பிடித்துப் படியால் வெளியே தள்ளினார். தள்ளினவர் கையை எடுக்க, உள்ளங்கைத் தோல் கைப்பிடியிலேயே ஒட்டி நின்றுவிட்டது. வலக்கை. ஞாயிறுகளில் சேர்ச்சில் ஓகன் வாசிக்கிற கை.

முதலில் ஓடி வந்தது கோகுலன். தன் இறைப்பு மெசினின் பைப்பை மதிலுக்கு மேலால் இழுத்து, கூரையை நனைத்து அணைத்தது அவன்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது லெனாட் சொன்னார்: "கொளுத்தினவன்தான் முதலிலை ஓடி வாறவன். ரெண்டு மணிக்கு உவன் எண்ணெய்க் கானோடை ஒழுங்கையாலை போனதை நான் கண்டனான்."

கானில் இறைப்பு மெசினுக்கு எண்ணெய் கொண்டுபோயிருப்பான். அது எனக்குத் தெரியும். நெருப்பு எங்கே தொடங்கினதென்றும் எனக்குத் தெரியும்.

11.07.2023, செவ்வாய்

பொலிஸ் வீட்டுக்கு வந்தது. எழுதினவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வாகனத்திலை வயர் பிரச்சினை ஏதும் இருந்ததே?"

லெனாட் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். ஷெரோன் கதவடியில் நின்றாள்.

இல்லை என்றேன். கையெழுத்தும் வைத்தேன்.

12.07.2023, புதன்

கோகுலனைப் பிடித்துவிட்டார்கள். 26ஆம் திகதி வரை விளக்கமறியல். வீட்டோடு கொளுத்துவேன் என்று சொன்னதைக் கேட்டதாக ஒழுங்கையில் ஐந்து பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்றும் பொய்யில்லை. பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

13.07.2023, வியாழன்

சொல்லியிருக்கலாம். இப்பவும் சொல்லலாம். சொன்னா இந்த மனுசன் என்னை என்னெண்டு பாக்கும்? அந்தக் கையை நான்தான் எரிச்சன் எண்டு ஒவ்வொரு முறையும் கட்டு மாத்தேக்கை நினைக்காதே? வேலை போகும். ஷெரோனுக்கு டிசம்பரிலை சோதினை. நான் ஆரையும் கொளுத்தச் சொல்லேல்லையே. ஒரு சொக்லேட் தாள்.

18.07.2023, செவ்வாய்

தர்சிகா, 32 கிழமை. வேறு பகுதியின் மாது யாராவது போவார்களா என்று கேட்டுப் பார்த்தேன். பெரிய மிஸ், "உம்முடைய ஏரியா, நீர்தான் போகவேணும்" என்று சொல்லிவிட்டார்.

கேற்றைத் திறந்துவிட்டாள். நான் திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். கதிரை எடுத்துப் போட்டாள்.

"மிஸ், நீங்களாவது சொல்லுங்கோ. அவர் ஆறு வருசம் இந்தப் பிள்ளைக்காகக் கோயில் கோயிலாத் திரிஞ்ச மனுசன். கொளுத்துவாரே?"

"கையை நீட்டும், பிரஷர் பாப்பம்" என்றேன். அதுதான் என் வாயில் வந்தது.

130/85. சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். காலையில் பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போய் மறியலில் அவனுக்குச் சாப்பாடு குடுத்துவிட்டு வந்துதான் தான் சாப்பிடுகிறாளாம். அலையக்கூடாது என்று அட்டையில் எழுதினேன். இனி யார் கொண்டுபோவது என்று கேட்டாள். அதற்கு அட்டையில் இடமில்லை.

20.07.2023, வியாழன்

அலுவலகத்தில் நிவேதனா தன்னுடைய பழைய ஸ்கூட்டரைத் தந்தாள். ஏறமுதல் எமில்ராஜிடம் கொண்டுபோனேன். காலை எட்டரைக்குத் தொடங்கினான். கைப்பிடிக்குள் வயர் உரசுகிற இடத்தை வெட்டி, புதுத்துண்டு வைத்து, ஈயம் வைத்து, அதன்மேல் குழாய் போட்டுச் சூடு காட்ட அது இறுகிப் பிடித்துக்கொண்டது. பிறகு வயர்க்கட்டையே இரும்பில் படாத பக்கமாய்த் திருப்பிக் கட்டினான். கைப்பிடியை இடமும் வலமும் இருபது தரம் திருப்பிப் பார்த்தான். சிவப்புப் பியூஸ் ஒன்று போட்டு, இன்னொன்றை மூடிக்குள் ஒட்டிவைத்தான்.

முடிய மணி பன்னிரண்டு. அரை நாள். எனக்குக் கொடுக்க நேரமில்லாமல் போன அரை நாள்.

கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னான்: "எரிஞ்ச வண்டியைப் பொலிசிலை போய்ப் பாத்தனான் மிஸ். பியூஸ் பெட்டி உருகிக் கிடக்கு. என்னட்டை வந்து கேட்டா நான் பொய் சொல்லமாட்டன். ஆனா நானாப் போய்ச் சொல்லவும் மாட்டன். அது உங்கடை வாயாலை வரவேணும்."

ஒருவரும் வந்து கேட்கவில்லையாம். கொளுத்தினவன் கிடைத்த பிறகு யார் போய் வயர் பார்க்கிறவனிடம் கேட்கப் போகிறார்கள்?

26.07.2023, புதன்

கோகுலனுக்கு இன்னும் பதினாலு நாள் மறியல். 09.08 வரை.

லெனாட் இடக்கையால் சாப்பிடப் பழகுகிறார். இன்றைக்குச் சோறு ஊட்டிவிட்டேன். "நீர் இல்லாட்டி என்ன செய்வன்" என்றார். எழும்பிப் போய்க் குசினிக்குள் நின்றேன்.

28.07.2023, வெள்ளி

தர்சிகா 160/100. சலத்தில் புரதம். தலையிடி, கண் மங்குகிறதாம். இரண்டு நாளாய் இருக்கிறது, ஒருவருக்கும் சொல்லவில்லை. அம்புலன்ஸ் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். கூடப் போக ஆளில்லை. தாய் இல்லை, அண்ணை பிரான்சில், மனுசன் மறியலில். நான்தான் போனேன்.

வழி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "நீங்கள் இருக்கிறபடியால் பயமில்லை மிஸ்" என்றாள்.

ஆண்டவரே. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு.

30.07.2023, ஞாயிறு

சேர்ச்சுக்குப் போகவில்லை. லெனாட்டுக்குச் சொல்லிவிட்டேன். மணம் வந்ததிலிருந்து தாள் வரைக்கும், எமில் கசக்கி எறிந்தது, நான் திரும்ப வைத்தது, எல்லாம்.

எழும்பிப் போய் முன்கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு கேட்டார்: "வேறை ஆருக்குத் தெரியும்?"

எமில்ராஜுக்கு என்றேன்.

"அப்ப விடும். கையும் எரிஞ்சுபோச்சு, வீடும் எரிஞ்சுபோச்சு. உவன் எப்பிடியும் கொளுத்துவன் எண்டு சொன்னவன்தானே?"

"கொளுத்தேல்லையே லெனாட்."

"நான் கண்டனான்! கானோடை கண்டனான்! என்னைப் பொய்யன் ஆக்கப்போறீரே?"

அவர் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னார். அதைத்தான் நானும் சொல்லிப் பார்த்தேன். அவருக்குக் கேட்கவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு, கரி பிடித்த விறாந்தையில் போய்ப் படுத்துவிட்டார்.

01.08.2023, செவ்வாய்

தர்சிகாவுக்கு ஒப்பரேசன். 34 கிழமை. ஆண் பிள்ளை, ஒரு கிலோ எழுநூற்றைம்பது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தாய்க்கு இன்னும் பிரஷர் இறங்கவில்லை. தகப்பனின் பெயர் கேட்டு எழுதினார்கள். தகப்பன் எங்கே என்றும் கேட்டார்கள்.

02.08.2023, புதன்

பொலிசுக்குப் போனேன். தனியத்தான். போகிற வழியில் எமில்ராஜின் கராஜடியில் நிறுத்தினேன். ஒன்றும் கேட்காமல் சேர்ட்டை மாற்றிக்கொண்டு பின்னால் வந்தான்.

அன்றைக்கு எழுதினவரே இன்றைக்கும் இருந்தார். நான் சொல்லச் சொல்ல பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"கோகுலன்ரை ஆக்கள் வந்து வெருட்டினவையே? பயப்பிடாமல் சொல்லுங்கோ."

"ஒருத்தரும் வெருட்டேல்லை."

"பின்னை ஏன் இப்ப வந்து மாத்திச் சொல்லுறியள்?"

உண்மை என்றால் வெருட்டித்தான் வரவேண்டும் என்று நினைக்கிறார்கள். எமில்ராஜ் எழும்பி, முற்றத்தில் கிடந்த எரிந்த ஸ்கூட்டர் எலும்புக்கூட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனான். கைப்பிடிக்கடியில் செம்பு உருகி மணியாய்த் திரண்டிருந்த இடத்தைக் காட்டினான். பியூஸ் பெட்டி இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டி. வெளியிலிருந்து வைத்த நெருப்பென்றால் முன்மூடிக்கு உள்ளே இப்படி உருகாது என்றான். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகுதான் பேனையை எடுத்தார்.

பொய் வாக்குமூலம் குடுத்ததற்கு என்மேலும் நடவடிக்கை வரலாமாம். வரட்டும்.

09.08.2023, புதன்

கோகுலனைப் பிணையில் விட்டுவிட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. இருபத்தெட்டு நாள் உள்ளே இருந்திருக்கிறான். நீதிமன்ற வாசலில் என்னைக் கடந்துதான் போனான். மெலிந்து, தாடி வளர்ந்து, நேரே ஆஸ்பத்திரிக்கு.

ஒழுங்கையில் ஒருவரும் நம்பவில்லை. "மிஸ்ஸைப் பயப்பிடுத்திச் சொல்ல வைச்சிட்டாங்கள்" என்று எனக்காகப் பாவப்படுகிறார்கள். கடைக்காரர் சில்லறை தரும்போது குரலைத் தாழ்த்தி, "கவனமா இருங்கோ" என்றார். ஐயோ, என்னை நம்புங்கோ, நான்தான் செய்தனான் எண்டு கத்தவேணும் போல கிடந்தது. கத்தினாலும் நம்பமாட்டினம். கொளுத்தினவன் ஒருவன் இருந்தால்தான் அவர்களுக்கு நித்திரை வரும்.

15.08.2023, செவ்வாய்

அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம். மூன்று பக்கம் எழுதிக் குடுத்தேன்.

லெனாட் ஷெரோன் மூலம்தான் கதைக்கிறார். "ஷெரோன், அம்மாட்டைக் கேள், தேத்தண்ணி இருக்கோ எண்டு." நான் இரண்டு முழத்தில் நிற்கிறேன். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கினபடி. ஓகன் வாசிக்க வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டாராம். இதைச் சேர்ச் ஐயர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

22.08.2023, செவ்வாய்

பிள்ளையை முந்தநாள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு நாளைக்குள் போய் நிறுத்துப் பார்க்க வேண்டும். என் வேலை. எப்படியும் மாற்றல் வரும் என்கிறார்கள். வருமட்டும் என் ஏரியா.

பக்கத்து வீடுதான், நடந்தே போயிருக்கலாம். காலையில் வேறு நாலு வீட்டுக்குப் போய்விட்டு, தராசோடு அப்படியே ஸ்கூட்டரில் போனேன். வழக்கத்தில் கேற்றுக்குள் ஏற்றப் போனேன்.

கோகுலன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றான். தாடி எடுத்திருக்கிறான். என்னைக் கண்டதும் முகம் இறுகினது. ஏச்சு வரப்போகிறது என்று நின்றேன். வந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"ஸ்கூட்டரை வெளியிலை விட்டிட்டு வாங்கோ மிஸ்" என்றான். "உள்ளுக்கு வேண்டாம்."

பின்னால் எடுத்தேன். ஒழுங்கையில், வெயிலில், இரண்டு வீட்டுக்கும் தள்ளி நிறுத்தினேன். சாவியை எடுத்தேன். பிறகு சீற்றைத் தூக்கிப் பியூஸையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

பிள்ளையைத் தராசுக்குக் குடுக்க அவனுக்கு மனமில்லை. தர்சிகா "குடுங்கோவன்" என்று சொன்ன பிறகுதான் தந்தான். தந்துவிட்டும் ஒரு கையைப் பிள்ளைக்குக் கீழேயே வைத்திருந்தான்.

"கையை எடும்" என்றேன். "உம்மடை கையின்ரை பாரமும் சேருது."

எடுத்தான்.

இரண்டு கிலோ நாற்பது கிராம். அட்டையில் எழுதினேன்.